தீக்குதிரை ஆண்டில் பிறக்காத குழந்தைகள்

இன்று ஜப்பானின் வயதுவாரி மக்கள்தொகை வரைபடத்தில் ஒரு பட்டை மட்டும், யாரோ கத்தியால் செதுக்கியதுபோல், சட்டென்று உள்வாங்கியிருந்ததைக் கண்டேன்.

அது 1966-இல் பிறந்தவர்களின் பட்டை.

ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மூலகத்தையும் ஒரு விலங்கையும் சேர்த்துப் பெயரிடும், சீனாவிலிருந்து சென்ற அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது தீக்குதிரை ஆண்டு. அவ்வாண்டில் பிறக்கும் பெண் கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்பது ஜப்பானிய நம்பிக்கை. காதலனைக் காண்பதற்காக எடோ (இன்றைய டோக்கியோ) நகரில் தீ வைத்து, 1683-இல் எரித்துக் கொல்லப்பட்ட ஒஷிச்சி என்னும் காய்கறிக் கடைக்காரர் மகள், 1666-ஆம் தீக்குதிரை ஆண்டில் பிறந்தவள் என்ற கதை அதற்கு உரமூட்டியது.

1965-இல் ஏறத்தாழ 18.2 லட்சமாக இருந்த பிறப்புகள் மறு ஆண்டு 13.6 லட்சமாகச் சரிந்து, 1967-இல் 19.4 லட்சமாக உயர்ந்தன.

போருமில்லை, பஞ்சமுமில்லை, புல்லட் ரயில் ஓடத் தொடங்கிவிட்ட நாடு அது! முந்தைய சுற்றான 1906-இல், பெண் குழந்தைகளின் பிறந்த ஆண்டையே மாற்றிப் பதிந்த குடும்பங்கள் உண்டு.

சீனாவில் இந்த அச்சம் நாட்டைப் பற்றியது. 1126-இல் சோங் அரசமரபின் தலைநகரை வடக்கிலிருந்து வந்த ஜூர்சென் இனத்தவரின் படைகள் முற்றுகையிட்டதையும், 1966-இல் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியதையும் இணைத்துப் பேசுவார்கள். தீங்கு நேராத குதிரை ஆண்டுகளை எவரும் நினைவில் வைப்பதில்லை.

2026 மீண்டும் தீக்குதிரை ஆண்டு. அறுபதை எட்டும் அந்தப் பெண்களிடம், பள்ளியிலும் திருமணப் பேச்சிலும் பிறந்த ஆண்டு அவர்களை எவ்வாறு தொடர்ந்தது என்று கேட்க விரும்புகிறேன்.