சின்ன யூஎஸ்பி திரையில் கணினியின் வெப்பமும் வேகமும், தமிழ் எழுத்தோடு

டூரிங், சுவான்ஃபாங் என்ற பெயர்களில் வரும் 3.5 அங்குலத் திரைகளைப் பலர் இரண்டாவது மொனிட்டர் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அது மொனிட்டர் அல்ல. கணினியைப் பொறுத்தவரை அது ஒரு சீரியல் போர்ட், அதாவது தரவை வரிசையாக அனுப்பும் ஒரு வழி. விண்டோஸில் காம் போர்ட்டாகத் தெரியும், லினக்ஸில் டிடிஒய்ஏசிஎம்0 என்று வரும். மவுஸை அதற்குள் கொண்டுபோக முடியாது. ஏதாவது ஒரு நிரல் படத்தை வரைந்து அந்தப் போர்ட் வழியே அனுப்பினால்தான் திரையில் எதுவும் தெரியும். வரப்போகும் சிக்கல்களில் முக்கால்வாசிக்குக் காரணம் இதுதான்.

திரையோடு வரும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும், மூலநிரலும் கிடையாது. அதை விட்டுவிட்டு, கிட்ஹப்பில் இருக்கும் 'டூரிங் ஸ்மார்ட் ஸ்கிரீன் பைதன்' என்பதைப் போடுங்கள். ஜிபிஎல் 3 என்ற திறந்த மூல உரிமம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். லினக்ஸில் கோப்புகளை இறக்கி, இந்த நிரலுக்கென்று தனியாக ஒரு பைதன் சூழல் (வெர்ச்சுவல் என்விரோன்மென்ட்) உருவாக்கி, ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் உள்ளவற்றை பிப் என்ற பைதன் நிறுவி மூலம் நிறுவ வேண்டும். பிறகு கன்ஃபிகர் நிரலை ஓட்டித் திரையின் வகையைத் தெரிவு செய்யுங்கள். அந்தச் சாளரம் திறக்காவிட்டால் சாளரங்களை வரையும் டிகே பொதி நிறுவப்படவில்லை என்று அர்த்தம்.

லினக்ஸில் 'பெர்மிஷன் டினைட்' (அனுமதி இல்லை) என்ற பிழை வந்தால் சுடோ (நிர்வாகியாக ஓட்டும் கட்டளை) போட்டு ஓட்டாதீர்கள். அப்படி ஓட்டினால் அமைப்புக் கோப்புகள் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயருக்குப் போய்விடும், அடுத்த நாள் வேறு பிழை வரும். உபுண்டு, டெபியனில் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால் போதும். ஆர்ச்சில் அந்தக் குழுவின் பெயர் யூயூசிபி.

திரை ஒளிர்கிறது, ஆனால் கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் கட்டளையில் புதிதாக ஒரு வரியும் வரவில்லையா? அப்படியானால் வயரைச் சந்தேகியுங்கள். சார்ஜ் வயரில் 5 வோல்ட்டும் கிரவுண்டும்தான் இருக்கும், டேட்டா போகும் இரண்டு கம்பிகள் இராது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ வயர் வாங்கும்போது "இதில டேட்டா போகுமா அண்ணா?" என்று கேட்டு, முடிந்தால் கடையிலேயே போனைக் குத்திக் கோப்புத் தெரிகிறதா என்று பாருங்கள்.

விண்டோஸில் வெப்பநிலை எடுப்பது லிப்ரே ஹார்ட்வேர் மொனிட்டர் நூலகம். நிர்வாகி அனுமதி இல்லாமல் ஓட்டினால் வெப்பநிலை வராது. அது பயன்படுத்தி வந்த வின்ரிங்0 டிரைவரை 2025இல் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் தடுக்கத் தொடங்கியது. அது வைரஸ் அல்ல, ஆனால் பாதுகாப்பு ஓட்டை உண்மையானது. விதிவிலக்குக் கொடுப்பதற்கு முன் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் சிபியூ வெப்பம் சுலபமாக வரும். விசிறியின் வேகம் வராவிட்டால் உணரிகளைத் தேடும் சென்சர்ஸ்-டிடெக்ட் கட்டளையை ஓட்டி மதர்போர்ட் சிப்புக்கான கர்னல் மொடியூலை ஏற்ற வேண்டும். நெட்வேர்க் வேகம் வெறுமையாக இருந்தால் கன்ஃபிக் கோப்பில் நெட்வேர்க் இன்டர்ஃபேஸின் (வைஃபை அல்லது வயர் இணைப்பின்) பெயரை எழுதாமல் விட்டிருப்பீர்கள்.

இனி வேகம். திரை 320க்கு 480 புள்ளிகள், ஒரு புள்ளிக்கு 2 பைட். முழுத் திரைக்கு 3,07,200 பைட். இதை நொடிக்கு நொடி அனுப்பினால் வரிசை தேங்கி, மணிக்கூடே பின்தங்கும். அதனால் நிரல் மாறிய இடத்தை மட்டும் அனுப்புகிறது. 60க்கு 24 புள்ளி அளவில் ஓர் எண் என்றால் 2,880 பைட், முழுப்படத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய வரைபடங்களுக்கு இடைவெளியை 5 நொடியாக வையுங்கள். எண்களுக்கு 1 நொடி தாராளம். நிறம் 16 பிட் என்பதால் மெல்ல மங்கும் பின்னணிகள் பட்டை பட்டையாகத் தெரியும். ஒரே கருநிறப் பின்னணிதான் இந்தத் திரைக்கு அழகு.

தமிழில் பெயர் எழுத விரும்புகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விடயம். திரையின் தோற்றத்தைச் சொல்லும் தீம் கோப்பில் 'வெப்பம்' என்று எழுதி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும், வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு பின்னால் போய்ப் பகரத்தோடு ஒட்டி நிற்கலாம். யூனிகோடில் கொம்பு வகரத்துக்குப் பிறகுதான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து வரைவது எழுத்தமைப்பு நூலகத்தின் வேலை. படம் வரையும் பில்லோ நூலகம் ராக்கம் என்ற துணை நூலகம் இருந்தால்தான் அதைச் செய்யும். உபுண்டுவில் ஃப்ரிபிடி பொதியை நிறுவி, பில்லோவின் ஃபீச்சர்ஸ் பகுதியில் ராக்கம் 'ட்ரூ' என்று வருகிறதா என்று சோதியுங்கள்.

ஆனால் என் தெரிவு வேறு. இருக்கும் தீம் ஒன்றின் கோப்புறையைப் பிரதி எடுத்து, பின்னணிப் படத்தை கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் திறந்து, 'வெப்பம்', 'நினைவகம்', 'பதிவிறக்கம்' என்பவற்றை அந்தப் படத்திலேயே எழுதிவிடுங்கள். கிம்ப் தமிழைப் பிழையின்றி வரையும். எண்களை மட்டும் நிரலிடம் விடுங்கள், அதுவும் ரோபோட்டோ மோனோவில். எல்லா எண்ணும் ஒரே அகலம் உள்ள எழுத்துரு இல்லாவிட்டால், 100 காட்டிவிட்டு 99க்கு இறங்கும்போது பழைய எண்ணின் ஓரம் அழியாமல் நிற்கும். எண்ணுக்குப் பின்னால் கறுப்புப் பெட்டி தெரிந்தால், பின்னணி நிறத்துக்குப் பதிலாக அந்தப் படத்தின் பெயரையே கொடுங்கள். திரை கைக்கு வருமுன்னரே தீம் செய்து பார்க்கலாம்: திரை வகையை 'சிமு' என்று மாற்றினால் படம் ஒரு பிஎன்ஜி கோப்பாக வந்து விழும்.

ஒளியை 100க்கு ஏற்றாதீர்கள். டூரிங் 3.5 அங்குலத் திரை அந்த அளவில் நன்றாகச் சூடேறும் என்று கன்ஃபிக் கோப்பே எச்சரிக்கிறது; கொழும்பில் ஏசி இல்லாத அறை பகலில் பெரும்பாலும் 30 பாகையளவில் இருக்கும். 20 முதல் 40 வரை போதும். வெளிநாட்டுப் படங்களில் சிபியூ 35 பாகையில் நிற்பதைப் பார்த்து உங்கள் 45ஐக் கண்டு பயப்படவும் வேண்டாம். அறை வெப்பம் 10 பாகை கூடினால் சிபியூவும் ஏறக்குறைய அவ்வளவு கூடும்.

கணினி தூங்கி எழுந்தபின் திரை உறைந்து நின்றால், நிரல் பழைய போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது; கர்னல் புதிதாக ஏசிஎம்1 கொடுத்திருக்கும். நிரலை நிறுத்தித் திரும்ப ஓட்டுங்கள், போர்ட் 'ஆட்டோ' என்று இருந்தால் தானாகக் கண்டுபிடிக்கும். கணினியை அணைத்த பிறகும் திரை எரிந்துகொண்டே இருந்தால் அது நிரலின் பிழை அல்ல. மதர்போர்ட் யூஎஸ்பிக்கு மின்சாரத்தை விடாமல் கொடுக்கிறது. பயோஸில் இஆர்பி என்ற மின்சேமிப்பு அமைப்பை இயக்கினால் நின்றுவிடும். சில போர்டுகளில் அதோடு கீபோர்டால் கணினியை எழுப்பும் வசதியும் போய்விடும்.