மருதமடுத் தாயின் ஆடித் திருவிழாவில்

எங்கள் பங்கில் நோயாளர் சந்திப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் பெரிது, ஆட்கள் நாலைந்து பெண்கள். சைக்கிளில் போய், படுக்கையில் கிடப்பவர்களோடு செபமாலை சொல்லிவிட்டு வருவோம். அவர்களில் ஒருவர், ஷெல் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த அக்கா. "எனக்கொரு நேர்த்தி இருக்கு, நீங்களாவது மடுவுக்குப் போட்டு வாங்கோ" என்று கேட்டபடியே இருந்தார். மன்னார்ப் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கும் மடு மாதா கோவிலின் இந்த ஆடித் திருவிழாவுக்கு அவர் தந்த மெழுகுதிரிக் காசோடு கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டோம்.

வவுனியாவில் பஸ் மாறி மடுச் சந்தியில் இறங்கினால், ஓட்டோக்காரர்கள் கேட்ட காசு தலையைச் சுற்ற வைத்தது. மாதாவிடம் போகிறவர்களிடம் இப்படியா கறப்பது? சரி, நடப்போம் என்று எங்களில் மூத்த அம்மா செபமாலையைக் கையில் எடுத்துவிட்டார். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் காட்டு வழி. சோளகக் காற்று புழுதியை அள்ளிக் கண்ணுக்குள் போட்டது.

1670இல் கத்தோலிக்கரை ஒடுக்கிய ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் இந்தத் தாயின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததும் இந்தக் காட்டுக்குத்தானே. குருக்கள் வரத் தடை, பூசைக்குத் தடை. 1687இல் யோசேவ் வாஸ் அடிகள் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாள் கோலத்தில் வந்து இறங்கும்வரை, மேய்ப்பர் இல்லாமலே அந்தச் சனம் செபத்தைக் காத்தது. ஒலிபெருக்கி இல்லை, குழு இல்லை, கூட்ட அறிக்கை இல்லை. இப்போது எங்களுக்கு ஒரு செபக்கூட்டம் வைக்கவே மூன்று தரம் கூடிப் பேச வேண்டியிருக்கிறது!

ஆலய வளவுக்குள் படங்கு கட்ட ஓர் அடி இடமில்லை. தண்ணீர்ப் பவுசருக்கு நீண்ட வரிசை. நற்கருணை ஆசீரின்போதும் போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்களே, அவர்களை என்ன சொல்ல.

பீடத்தை நோக்கி நெரிபட்டுக்கொண்டு நின்றபோதுதான் அது நடந்தது. முன்பின் தெரியாத ஒரு இளம் தாய், காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளையை என் கையில் தந்து, "சிஸ்டர், கை வைச்சுச் செபியுங்கோ" என்றாள். என் வெள்ளைச் சேலையைப் பார்த்து நினைத்திருப்பாள். நான் சிஸ்டர் இல்லை, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறவள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை. என்னிடம் என்ன இருக்கிறது? வழக்கமாகச் சொல்லும் நீண்ட செபமெல்லாம் மறந்துபோயிற்று. பிள்ளையின் நெற்றியில் கையை வைத்து, "ஆண்டவரே, இது உம்முடைய வேலை. தாயே, உன் மகனிடம் சொல்லு" என்றேன். ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் எங்களை அப்பால் தள்ளிவிட்டது. அந்தப் பிள்ளை என் விரலைப் பிடித்திருந்ததைக் கவனித்தேன், அவ்வளவுதான். காய்ச்சல் விட்டதா, தெரியாது. ஆனால் இத்தனை வருடமும் நோயாளிகளின் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது நெஞ்சில் இருந்த படபடப்பு, நான் சொல்லும் செபம் பலிக்குமா என்ற பயம், அந்த இடத்திலேயே என்னை விட்டுப் போனது. பலிக்க வைப்பது என் வேலையா என்ன?

1999இல் அடைக்கலம் தேடி வந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்து இரத்தம் சிந்திய வளவு இது. 2008இல் போர் நெருங்க, தாயின் சொரூபமும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய்த் திரும்பியது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து செபித்தார். எங்களோடு அலைந்த தாய் அல்லவா! நன்றி தாயே, நன்றி. அக்காவின் மெழுகுதிரியை ஏற்ற வைத்தாயே, அதற்கும் நன்றி.

அக்காவுக்குக் கொஞ்சம் மடு மண் எடுத்துக்கொண்டோம். ஆவணித் திருவிழாவுக்கு அவரையே வான் பிடித்துக் கூட்டிவர வேண்டும் என்று மூத்த அம்மா பஸ்ஸிலேயே காசு சேர்க்கத் தொடங்கிவிட்டார்.