சொதி திரிந்த ஞாயிறும் அதற்குப் பின் வந்த பதின்மூன்றும்

எங்கள் கல்யாணம் கும்பகோணத்தில் நடந்தது. என் சொந்த ஊர் பாளையங்கோட்டை. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் முடிந்த மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி என்ற தேங்காய்ப் பால் குழம்போடு விருந்து வைப்பார்கள். அதனால்தான் அதற்கு மாப்பிள்ளைச் சொதி என்று பெயர். காவிரிக் கரைக்காரர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. பந்தியில் உட்கார்ந்திருந்த என் பெரியம்மா, "சொதி இல்லாமல் என்ன மறுவீடு?" என்று சொன்னது புதுப்பெண்ணின் காதில் விழுந்துவிட்டது. மூன்று வருடம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இந்தத் தை மாதம் பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, "அந்தச் சொதியை நாமே செய்து பார்ப்போமா?" என்று கேட்டாள். வாரம் ஒரு புதுச் சமையல் என்ற வழக்கம் எங்கள் வீட்டில் அப்படித்தான் தொடங்கியது.

திருச்சி உறையூரில் குடியிருக்கிறோம். இருவருக்கும் வேலை. வார நாட்களில் சாம்பார், ரசம், ஒரு பொரியல் என்று ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும், இதுவரை நாங்கள் கை வைக்காத ஒரு சமையல். அது தமிழ்நாட்டின் ஏதாவது ஓர் ஊருக்கு உரியதாக இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை காந்தி மார்க்கெட்டில் சாமான் வாங்கிவிடுவோம். 200 பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். இடப் பக்கத்தில் பிறர் சொன்ன செய்முறையை நான் எழுதுகிறேன். வலப் பக்கத்தில் எங்கள் அடுப்பில் உண்மையில் நடந்ததை அவள் எழுதுகிறாள்.

முதல் ஞாயிறு அந்த வலப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான்: "திரிந்துவிட்டது."

சொதிக்குத் தேங்காய்ப் பால் மூன்று முறை எடுக்க வேண்டும். முதல் பால் கெட்டியானது, கடைசியில் சேர்ப்பது. இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி, முருங்கைக்காய் எல்லாம் வேக வேண்டும். குழைய வெந்த பாசிப்பருப்பு, முழுதாக வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, அரைத்த இஞ்சி பச்சை மிளகாய். மிளகாய்த்தூளுக்கு இடமே இல்லை. இறக்கிய பிறகு எலுமிச்சம்பழச் சாறு. இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. முதல் பாலை ஊற்றிவிட்டு, தீயைக் குறைக்காமல், இஞ்சித் துவையலுக்குத் தாளிக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது சட்டி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மேலே வெள்ளைத் திப்பிகளும் எண்ணெயும் மிதந்தன, கீழே தண்ணீர். அந்தச் சூட்டிலேயே எலுமிச்சையையும் பிழிந்தேன். இருந்ததும் பிரிந்தது.

இரவு உட்கார்ந்து காரணத்தைத் தேடிப் படித்தோம். தேங்காய்ப் பால் என்பது தண்ணீருக்குள் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் மிதக்கும் கலவை. அந்தத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பிரித்து வைத்திருப்பது தேங்காயில் உள்ள புரதம். கொதிக்கும் சூட்டில் புரதம் உறைந்து திரண்டுவிடுகிறது, எண்ணெய் தனியாகப் போய்விடுகிறது. புளிப்பும் அதே வேலையைச் செய்யும். சூடும் புளிப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். "இறக்கிய பிறகு எலுமிச்சை" என்று அம்மா வழக்கமாகச் சொல்லும் அரை வரிக்குள் இவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மறு வாரம் பட்டியலில் கும்பகோணம் கடப்பா இருந்தது. "சொதி வராமல் கடப்பாவுக்குப் போக வேண்டாம்" என்றாள் அவள். மறுபடியும் சொதி. இந்த முறை வேலையைப் பிரித்துக்கொண்டோம்: ஒருவர் அடுப்பை விட்டு நகரக் கூடாது, மற்றவருக்கு மிக்ஸி, கத்தி, துவையல் எல்லாம். முதல் பாலை ஊற்றும்போது தீ மிகச் சிறியதாக இருந்தது. கரண்டியை அவள் நிறுத்தவே இல்லை. நான் பக்கத்தில் நின்று சட்டியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நடுவில் ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் மட்டும் கடுகளவு நுரை நாலைந்து தோன்றியது. பிறகு அது வளையம்போல் விளிம்பைச் சுற்றி வந்தது. நடுவில் ஒரு குமிழி எழுவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிட்டோம். பத்து நிமிடம் ஆறவிட்டு எலுமிச்சை பிழிந்தோம். பால் பாலாகவே இருந்தது. இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும் வைத்துக்கொண்டு இருவரும் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டோம்.

அன்றைக்கு விதியை மாற்றிக்கொண்டோம். ஒன்று சரியாக வந்தால்தான் அடுத்தது. அதனால் 14 வாரங்களில் 14 சமையல் வந்திருக்க வேண்டிய இடத்தில் எட்டுதான் நோட்டில் ஏறியிருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஒரே சமையலை அடுத்தடுத்த வாரம் செய்யும்போது, போன வாரக் கை இன்னும் சூடாக இருக்கிறது; எங்கே தவறினோம் என்பது விரலுக்குத் தெரிகிறது.

கடப்பா முதல் முறையே வந்தது. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, அதன் மேல் தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து ஊற்றுவது. அவள் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவள், செய்தது கிடையாது. அத்தை தொலைபேசியில், "கசகசாவைத் தனியாக வெந்நீரில் ஊறப்போடு. இல்லாவிட்டால் மிக்ஸியில் அரைபடாது" என்று சொன்னதுதான் கைகொடுத்தது. பொட்டுக்கடலை சேர்வதால் அரை மணி நேரத்தில் களிபோல் இறுகிவிடுகிறது. பரிமாறும் நேரத்தில் வெந்நீர் விட்டுத் தளர்த்த வேண்டும் என்பதை மட்டும் வலப் பக்கத்தில் எழுதினாள். இட்லிக்கு இதைவிடப் பொருத்தமான துணை வேறு இல்லை என்பது இப்போது என் கட்சியும்கூட.

நான்காம் வாரம் எங்கள் ஊர் உளுந்தம்பருப்புச் சோறு. தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை வாசனை வரும்வரை வறுத்து, ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் என்ற கணக்கில் போட்டு, வெந்தயம், முழுப் பூண்டு, தேங்காய்த் துருவல் சேர்த்துக் குக்கரில் நாலு டம்ளர் தண்ணீர். கூடவே எள்ளுத் துவையல். சாம்பல் நிறச் சோற்றைப் பார்த்ததும் அவள் முகம் லேசாகச் சுருங்கியது. நல்லெண்ணெய் விட்டு ஒரு வாய் சாப்பிட்ட பிறகு அது மாறியது. இரண்டாம் முறை கேட்டுப் போட்டுக்கொண்டாள்.

அடுத்து வந்த நாஞ்சில் நாட்டுத் தீயல்தான் மூன்று ஞாயிறுகளை எடுத்துக்கொண்டது. எங்களை அதிகமாக வேலை வாங்கியதும், அதிகமாகக் கற்றுக்கொடுத்ததும் இதுதான்.

தீயலின் உயிர் தேங்காய் வறுவல். செய்முறைகள் எல்லாம் "நன்றாகச் சிவக்க வறுக்கவும்" என்று ஒரே வரியில் போய்விடுகின்றன. சிவக்க என்றால் எந்தச் சிவப்பு? முதல் வாரம் பொன்னிறத்தில் இறக்கினோம். குழம்பு தேங்காய் அரைத்துவிட்ட வற்றல் குழம்புபோல இருந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தீயல் இல்லை. இரண்டாம் வாரம் துணிந்து காப்பிக்கொட்டை நிறம்வரை விட்டோம். அடுப்பை அணைத்தது சரியான நேரத்தில்தான். ஆனால் தேங்காயை இரும்பு வாணலியிலேயே விட்டுவிட்டோம். இரும்பு சூட்டை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அணைத்த பிறகும் இரண்டு நிமிடம் தேங்காய் கருகிக்கொண்டே போனது. குழம்பில் கசப்பு. புளியைக் கூட்டிப் பார்த்தோம், வெல்லம் சேர்த்துப் பார்த்தோம். கருகிய கசப்பு எதற்கும் மசியவில்லை. கொட்ட வேண்டியதாகிவிட்டது. கால் கிலோ சின்ன வெங்காயத்தை உரித்த கைக்கு அது வலித்தது.

நாகர்கோவிலில் இருந்து வந்து என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவரிடம் கேட்டேன். "பக்கத்தில் ஓர் அகலத் தட்டை வைத்துக்கொண்டுதான் வறுக்கவே தொடங்க வேண்டும், தம்பி. நிறத்தைப் பார்க்காதீர்கள், மூக்கை நம்புங்கள்" என்றார்.

மூன்றாம் ஞாயிறு அவள் வறுத்தாள், நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டே மணத்தைக் கவனித்தேன். வெங்காயத்தை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுவைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வருகிறது, கண்ணும் அவ்வளவாக எரிவதில்லை. சிறு தீயில் அரை மூடித் தேங்காய்த் துருவல். முதல் ஐந்து நிமிடம் ஈரம் போகும் ஆவி வாசனை. பத்தாம் நிமிடம் பர்பி கிளறும் வீட்டின் வாசனை. அதன் பிறகு வெகுநேரம் மாற்றமே இல்லை. இங்கேதான் பொறுமை கெட்டுத் தீயைக் கூட்டத் தோன்றும். இருபது நிமிடத்தை நெருங்கும்போது மணம் சட்டென்று திரும்பியது. இனிப்பு பின்னால் போய், வறுத்த கடலைபோல ஒரு கனமான மணம் முன்னால் வந்தது. மல்லியையும் வற்றல் மிளகாயையும் போட்டு நாலு முறை புரட்டினாள். "இப்போது" என்று நானும் "தட்டு" என்று அவளும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஆறிய பிறகு தண்ணீர் விடாமல் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினோம். முதலில் பொடி, பிறகு ஈரப் பொடி, கடைசியில் தேங்காய் தன் எண்ணெயிலேயே கறுத்த விழுதாகி மிக்ஸி ஜாரின் ஓரத்தில் பளபளத்து நின்றது. வதக்கிய வெங்காயத்தில் புளித்தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து அந்த விழுதைக் கரைத்ததும் எழுந்த வாசனையைக் கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து விசாரித்துவிட்டுப் போனார். ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினோம்.

அந்த ஞாயிறு நோட்டில் அவள் எழுதிய பக்கம்தான் இதுவரை நீளமானது. "சிவக்க" என்ற ஒரு சொல்லுக்கு நாற்பது வரி.

கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதம் ஒரே வாரத்தில் முடிந்தது. துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மேலே நெய். வேலைக்குப் போய்த் திரும்பும் நாட்களுக்கு ஏற்றது. இப்போது மாதம் இரண்டு முறை வார நாட்களிலேயே செய்கிறோம். திருவையாற்று அசோகா என்ற இனிப்பும் அப்படித்தான் வந்தது. பாசிப்பருப்பு வெந்த அளவும், கோதுமை மாவை நெய்யில் வறுத்த பக்குவமும் சரியாக இருந்தால் மற்றதைக் கை பார்த்துக்கொள்ளும்.

இடையில் செட்டிநாட்டுக் கவுனி அரிசி ஒரு முறை தோற்றது. கறுப்பரிசியை இரவெல்லாம் ஊறப்போட்டு, நாவல்பழச் சாறுபோல மாறிய அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைத்தோம். நிறம் முழுவதும் அரிசியின் தோலில் இருப்பது. தண்ணீரைக் கொட்டினால் பாதி அழகு போய்விடும். தவறு நான் செய்ததுதான். முக்கால் பதம் வெந்ததும் சர்க்கரையைப் போட்டுவிட்டேன். சர்க்கரை விழுந்த பிறகு அரிசி மேற்கொண்டு மெத்தென்று ஆவதே இல்லை. எவ்வளவு நேரம் வைத்தும் பல்லில் நறுக்கென்றது. மறு வாரம் விரலால் நசுக்கி, தோல் வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை தெரிந்த பிறகே சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும்.

காஞ்சிபுரம் இட்லிக்கு இரண்டு வாரம். வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை சுற்றி ஆவியில் வேகவைப்பார்கள். எங்களுக்குக் குடலையும் கிடைக்கவில்லை, மந்தாரை இலையும் கிடைக்கவில்லை. டம்ளருக்குள் வாழையிலையை வாட்டிச் செருகிக்கொண்டோம். மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் மாவில் நன்றாகவே இறங்கியிருந்தன. முதல் வாரம் சாதாரண இட்லிக் கணக்கில் பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்ததால் நடுவில் பச்சை மாவு. உயரமான டம்ளரின் நடுவுக்குச் சூடு போய்ச் சேர நேரம் வேண்டும். இரண்டாம் முறை முக்கால் டம்ளர் மட்டும் ஊற்றி அரை மணி நேரம் வைத்தோம். தென்னை ஈர்க்கைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டவில்லை. ஆனாலும் மந்தாரை இலையின் வாசனை இல்லாமல் இதைச் சரியாக வந்தது என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. அவள் ஒப்புக்கொண்டு எழுதிவிட்டாள். இந்த ஒன்றில் எங்களுக்குள் இன்னும் வழக்கு நிற்கிறது.

பதினான்காம் ஞாயிறு சித்திரையில் வந்தது. அம்மாவும் பெரியம்மாவும் சமயபுரத்துக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். என்ன செய்வது என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. சனிக்கிழமை மாலையே இரண்டு முற்றிய தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கினாள்.

காலையில் பெரியம்மா சமையலறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் அடுப்பிலும் நான் மிக்ஸியிலுமாக வழக்கப்படி நின்றோம். முதல் பால் விளிம்பில் நுரை கட்டியதும் அவள் அணைத்தாள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. இலை போட்டு, சோறு, சொதி, இஞ்சித் துவையல், சிப்ஸ் வைத்தோம். பாதிச் சாப்பாட்டில் பெரியம்மா தலை நிமிர்ந்தார்.

"இஞ்சியை அரைத்து அப்படியே விட்டாயாம்மா?"

"ஆமாம் பெரியம்மா."

"அரைத்துப் பிழிந்து, சாற்றைக் கிண்ணத்தில் கால் மணி நேரம் தெளியவிடு. அடியில் வெள்ளையாக மண்டி தங்கும். அதைக் கொட்டிவிட்டு மேலே இருக்கும் தெளிவை மட்டும் ஊற்று. தொண்டையில் இந்தக் காறல் இருக்காது." சொல்லிவிட்டு இலையை அவள் பக்கம் லேசாகத் தள்ளினார். "இன்னும் கொஞ்சம் ஊற்று."

அவர்களை ரயிலேற்றிவிட்டு வீடு திரும்பியபோது இரவு ஒன்பது மணி. அவள் நோட்டை எடுத்துச் சொதிப் பக்கத்தைப் புரட்டினாள். "திரிந்துவிட்டது" என்ற பழைய வரிக்குக் கீழே இடம் இருந்தது. இஞ்சிச் சாறு, கால் மணி நேரம், மண்டியைக் கொட்டவும் என்று எழுதி, பக்கத்தில் பெரியம்மா என்று குறித்துவைத்தாள்.