மிஸ்அட்வென்ச்சர்: சட்டப் பரீட்சையில் விபத்து மரணத்தை எழுதும் முறை

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ தென்னாப்பிரிக்கா வந்து யூனிசா பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி. படிப்பவர்களுக்குக் குற்றவியல் சட்டத் தாளில் அதிகம் காலை வாருவது மரணம் பற்றிய கேள்விகள்தான். வேலை பார்த்துக்கொண்டே அந்தப் படிப்பை முடித்தவள் நான். டர்பனில் இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் எழுதிப் பார்க்கும் விடைகளையும் திருத்திக் கொடுக்கிறேன். எல்லாரிடமும் நான் சொல்வது ஒன்றே: விடையின் முதல் வரியிலேயே 'இது விபத்து' என்று எழுதிவிடாதீர்கள். வேண்டுமென்று செய்தாரா, கவனக்குறைவா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு முடித்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர உங்களுக்கு உரிமை உண்டு.

மிஸ்அட்வென்ச்சர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அகராதி பார்த்தால் அசம்பாவிதம், துரதிர்ஷ்டம் என்று இருக்கும். கதை படிக்க அது போதும், பரீட்சைக்குப் போதாது. இங்கிலாந்தின் மரண விசாரணை மன்றத்தில் அது ஒரு தீர்மானத்தின் பெயர். ஒருவர் சட்டத்துக்கு உட்பட்ட செயலைத் தெரிந்தே செய்கிறார். யாரும் நினைக்காத விதத்தில் அது மரணத்தில் முடிகிறது. இதைத்தான் மிஸ்அட்வென்ச்சர் என்பார்கள். நடந்து போகிறவர் தலையில் மரக்கிளை முறிந்து விழுந்தால் அது வெறும் ஆக்சிடென்ட். இந்த வேறுபாட்டுக்கு இப்போது நடைமுறையில் பெரிய பயன் இல்லை என்பதால், அங்கே 'ஆக்சிடென்ட் அல்லது மிஸ்அட்வென்ச்சர்' என்று சேர்த்தே எழுதுகிறார்கள். புரூஸ் லீ 1973இல் ஹாங்காங்கில் இறந்தபோது விசாரணையில் வந்த தீர்மானம் இதுதான். தலைவலிக்கு வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாத்திரை போட்டது தெரிந்து செய்த செயல், சாவு எதிர்பாராதது. உதாரணம் கேட்டால் இதை எழுதுங்கள், மறக்கவே மறக்காது.

இந்தியாவில் சட்டம் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. கல்பபிள் ஹோமிசைட் என்றால் அங்கே நோக்கமோ, சாவு நேரும் என்ற அறிவோ இருக்க வேண்டும். கவனக்குறைவால் நேர்ந்த மரணம் தனிப் பிரிவில் வரும்: முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ, 2024 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106. தென்னாப்பிரிக்காவில் அதே பெயருக்குப் பொருள் வேறு. கவனக்குறைவால் சட்டவிரோதமாக ஒருவர் சாவுக்குக் காரணமாவதுதான் இங்கே கல்பபிள் ஹோமிசைட். பழைய நினைவில் எழுதினால் முழு விடையும் சரிந்துவிடும்.

பயிற்சிக்கு நான் கொடுக்கும் கணக்கு தீபாவளி ராக்கெட். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒருவர் வீட்டு முற்றத்தில் பாட்டிலில் ராக்கெட்டை நிறுத்திப் பற்ற வைக்கிறார். அது சாய்ந்து பறந்து பக்கத்து வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெரியவர் மேல் பாய்கிறது, அவர் இறந்துவிடுகிறார். இனி விவரத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

காற்றைப் பார்த்து, சமதரையில், ஆட்களை விலக்கி வைத்துத்தான் கொளுத்தினார். ராக்கெட்டின் குச்சிக்குள் கண்ணுக்குத் தெரியாத பழுது இருந்தது. நிதானமுள்ள ஒரு மனிதர் அவர் இடத்தில் நின்றிருந்தால் இதை முன்கூட்டி நினைத்திருப்பாரா? இல்லை. அப்படியானால் கவனக்குறைவு இல்லை, விபத்து. பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது, பெரியவர் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது, ஆனாலும் கொளுத்தினார் என்றால் கல்பபிள் ஹோமிசைட் கதவைத் தட்டுகிறது. வராந்தாவைக் குறி பார்த்து, 'பட்டுச் செத்தால் சாகட்டும்' என்ற மனநிலையில் விட்டிருந்தால் அது டோலஸ் எவென்சுவாலிஸ் என்ற வகை நோக்கம், ஆகவே கொலை.

இதில் எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. மாநகராட்சி அனுமதித்த நேரம் தாண்டிக் கொளுத்தினார் என்று கேள்வியில் ஒரு வரி சேர்ந்திருக்கும். உடனே 'சட்டவிரோதச் செயல், ஆகவே சாவுக்கும் அவரே பொறுப்பு' என்று எழுதிவிடுவார்கள். தவறு செய்யத் தொடங்கியவன் அதன் விளைவு அத்தனைக்கும் பொறுப்பு என்ற பழைய கோட்பாட்டை, வெர்சாரியை, இந்த நாட்டு மேல்முறையீட்டு மன்றம் 1960களில் கைவிட்டது. 1962இன் வான் டெர் மெஸ்க்ட் வழக்கை நன்றாகப் படியுங்கள். சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்த தங்க அமால்கத்தை, அதாவது தங்கமும் பாதரசமும் சேர்ந்த கலவையை, வீட்டு அடுப்பில் உருக்கினார்கள். அதிலிருந்து கிளம்பிய பாதரச ஆவியால் கூட இருந்தவரும் பிள்ளைகள் சிலரும் இறந்தார்கள். உருக்கியது குற்றம்தான். ஆனால் ஆவி உயிரைக் குடிக்கும் என்று முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும் என்பது நிரூபிக்கப்படவில்லை. கல்பபிள் ஹோமிசைட் தீர்ப்பு ரத்தானது. படிக்கும்போது மனம் ஒப்பாது. ஒப்பாத இடத்தில்தான் சட்டம் என்ன கேட்கிறது என்பது தெளிவாகப் புரியும்.

கொலைக்கும் கவனக்குறைவுக்கும் நடுவில் உள்ள கோட்டுக்கு எல்லாரும், காதலியைச் சுட்டுக் கொன்ற ஓட்ட வீரர் பிஸ்டோரியஸின் வழக்கையே எழுதுவார்கள். நீங்கள் ஹம்ப்ரீஸ் வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010இல் கேப் டவுன் அருகே பிளாக்ஹீத்தில், மூடிய ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போன மினிபஸ் மீது ரயில் மோதிப் பத்துப் பிள்ளைகள் இறந்தார்கள். முதலில் கொலை என்றார்கள். 2013இல் மேல்முறையீட்டில் அது கல்பபிள் ஹோமிசைட் ஆனது. ஆபத்து ஓட்டுநர் ஹம்ப்ரீஸுக்குத் தெரிந்திருந்தது; ஆனால் மோதினாலும் பரவாயில்லை என்று அவர் மனம் ஏற்கவில்லை, ஏனெனில் அவர் உயிரும் அந்த வண்டிக்குள்தான் இருந்தது. இந்த ஒரு காரணத்தைத் தெளிவாக எழுதினாலே திருத்துபவருக்கு உங்கள் பிடி தெரிந்துவிடும்.

மரண விசாரணை பற்றிக் கேட்டால் இந்த நாட்டின் 1959இன் இன்குவெஸ்ட்ஸ் சட்டம், பிரிவு 16(2). இறந்தவர் யார், காரணம் என்ன, எந்தத் தேதி, யாருடைய செயலோ செய்யாமையோ மேலோட்டமான பார்வைக்குக் குற்றமாகத் தெரிகிறதா. இந்த நான்குதான். மிஸ்அட்வென்ச்சர் என்ற தீர்மானம் அந்தப் பட்டியலில் இல்லை, அதை இங்கிலாந்தோடு ஒப்பிடும் இடத்தில் மட்டும் எழுதுங்கள். நான்காவது கேள்வியைச் சரியாகக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்திலேயே சான்று உண்டு. நோபல் அமைதிப் பரிசு பெற்ற ஆல்பர்ட் லுதுலி 1967 ஜூலை 21 அன்று க்ரூட்வில் அருகே சரக்கு ரயில் மோதி இறந்தார் என்றும், யார் மேலும் குற்றமில்லை என்றும் அப்போதைய விசாரணை முடித்து வைத்தது. குடும்பம் அதை ஏற்கவே இல்லை. 2025இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் விசாரணையை மீண்டும் திறந்து, தாக்கப்பட்டதால் ஏற்பட்ட தலைக்காயமே காரணம் என்று பழைய முடிவைத் தள்ளியது. பரீட்சைக்காக மட்டும் இதைப் படிக்காதீர்கள். விபத்து என்ற ஒரு சொல்லின் கீழ் ஒரு குடும்பம் ஐம்பது ஆண்டுக்கு மேல் காத்துக் கிடந்திருக்கிறது.

தீர்ப்புகளைத் தேடச் செலவு வேண்டாம். தென்னாப்பிரிக்கத் தீர்ப்புகளை வெளியிடும் சாஃப்லி இணையதளத்தில் ஹம்ப்ரீஸ் இலவசமாகக் கிடைக்கும். அதை முதலில் படியுங்கள், நடை எளிது. வான் டெர் மெஸ்க்ட் ஆஃப்ரிகான்ஸில் உள்ளது, அதற்குப் பாடநூலின் ஆங்கிலச் சுருக்கமே போதும். பிறகு ராக்கெட் கணக்கை நேரம் வைத்து எழுதி, 'விபத்து' என்ற சொல் எந்தப் பத்தியில் முதலில் வருகிறது என்று பாருங்கள்.