இரண்டு டர்போவையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தேன்

மச்சானின் டொயோட்டா சுப்ரா கார் பெங்களூரிலிருந்து ஓசூருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. எங்கள் லேத் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. 1993 முதல் 2002 வரை வந்த நான்காம் தலைமுறை வண்டி, ஜப்பானில் விற்ற மாடல். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 2ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சின். அதில் இரண்டு டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறிகள். அவன் சொன்ன புகார் ஒன்றே ஒன்றுதான்: "நாலாயிரம் ஆர்பிஎம் தாண்டினா வண்டி செத்துப்போகுது மச்சான்." ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று.

டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை (பூஸ்ட்) பிஎஸ்ஐ அளவில் காட்டும் பூஸ்ட் கேஜ் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். 3,000-இல் 10 பிஎஸ்ஐ காட்டியது. 4,000 தாண்டியதும் முள் மளமளவென்று 5-க்கு இறங்கிவிட்டது.

இந்த எஞ்சினில் இரண்டு டர்போவும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வேலைக்கு வரும். கீழ் ஆர்பிஎம்மில் புகை முழுவதும் முதல் டர்போவுக்கே போகும், அதனால் பிக்கப் சீக்கிரம் கிடைக்கும். 4,000 நெருங்கும்போது ஒரு சின்ன பைபாஸ் வால்வு திறந்து இரண்டாவது டர்போவை லேசாகச் சுழலவிடும். அப்புறம் அதன் புகைவழி வால்வும் காற்றுவழி வால்வும் திறந்தால் இரண்டும் சேர்ந்து ஊதும். இதையெல்லாம் நடத்துவது அழுத்தக் காற்றைச் சேமிக்கும் ஒரு பிரஷர் டேங்க், சில சொலினாய்டுகள் (மின்சாரத்தில் திறந்து மூடும் குட்டி வால்வுகள்), விரல் தடிமன்கூட இல்லாத ரப்பர் ஹோஸ்கள். இருபது வருடத்துக்கும் மேல் எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போனில் கேட்டவர்கள் எல்லாரும் டர்போ போயிருக்கும் என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு பெரிய வால்வையும் திறந்தபடியே கட்டிவிட்டால் இரண்டு டர்போவும் முதலிலிருந்தே ஒன்றாக ஓடும். அப்படி ஓடி முழு பூஸ்ட் வந்துவிட்டால் டர்போ நன்றாக இருக்கிறது, கோளாறு குழாய்ப் பக்கம் என்று அர்த்தம். செலவே இல்லாத சோதனை.

காற்றுவழி வால்வு சுலபம். காற்றழுத்தத்தில் ஒரு கம்பியைத் தள்ளி வால்வைத் திறக்கும் ஆக்சுவேட்டரின் ஹோஸைக் கழற்றிவிட்டு, சைக்கிள் பம்பில் ட்யூப் செருகி மெதுவாக அழுத்தினேன். கம்பி அசைந்து வெளியே வந்தது. அந்த நிலையிலேயே கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டினேன். புகைவழி வால்வுதான் உயிரை எடுத்தது. இரண்டாவது டர்போவின் அடியில் கை நுழைய இடமில்லை. முழங்கைத் தோல் கொஞ்சம் அங்கேயே தங்கிவிட்டது. அங்கே பிளாஸ்டிக் உருகிவிடும் என்று கட்டடக்காரர்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பியை முறுக்கினேன். அது தப்பு. பத்து கிலோமீட்டரில் சூடேறி இளகி, தகர டப்பாவில் கல் போட்டு ஆட்டுவதுபோலச் சத்தம். மறுநாள் ஸ்டெயின்லெஸ் கம்பியை இரட்டையாக முறுக்கிக் கட்டியதும் நின்றது.

மச்சான் தொப்பூர் வரை போகலாம் என்றான். பிரேக் பிடிக்காத லாரிகள் இறங்கும் கணவாயில் டர்போ சோதனையா? திட்டிவிட்டு, காலை ஐந்தரைக்குச் சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி வரை மட்டும் போனோம். 3,000-இல் முள் 4-ஐத் தாண்டவில்லை. 3,500-இல் 7. 4,000-இல் முதுகு சீட்டில் ஒட்டியது. 11 பிஎஸ்ஐ, கடைசிவரை இறங்கவே இல்லை. மச்சான் சிரித்த சிரிப்பில் டீக்கடை நாய் குரைத்தது. கிருஷ்ணகிரி ஓசூரைவிட முந்நூறு மீட்டருக்கு மேல் தாழ்வு. அங்கே காற்று அடர்த்தி என்பதால் பூஸ்ட் கொஞ்சம் முன்னாலேயே ஏறியதுபோல இருந்தது. என் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

ஆக, இரண்டு டர்போவும் நலம். வீட்டுக்கு வந்து ஹோஸ்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன். காற்றுவழி ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் முடி அளவு கீறியிருந்தது. நேராக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, வளைத்தால் வாய் பிளக்கும். புகைவழி திறந்து, காற்றுவழி மூடியே கிடந்திருக்கிறது. இரண்டாவது டர்போ பாவம், மூடிய கதவில் ஊதிக்கொண்டிருந்தது. பாகலூர் ரோடு கடையில் சிலிக்கான் ஹோஸ் வாங்கினேன், அறுபது ரூபாய்.

வால்வுகளில் போட்ட கட்டுகளை உடனே அவிழ்க்கவில்லை. நான்கு நாள் அப்படியே ராயக்கோட்டை ரோட்டில் ஓட்டினேன். தக்காளி ஏற்றிய டிராக்டரை முந்த இரண்டாவது கியரில் மிதித்தால் ஒன்றுமே நடக்காது. டிராக்டர்காரர் திரும்பிப் பார்ப்பார். அப்புறம் திடீரென்று மொத்தமும் ஒரே உதையாக வரும், பின்சக்கரம் வழுக்கும், எதிரே ஸ்பீடு பிரேக்கர் நிற்கும். ரேஸ் டிராக்கில் எப்போதும் மேல் ஆர்பிஎம்மிலேயே ஓட்டுபவனுக்கு இது சரி. நம் ரோட்டுக்கு ஜப்பான்காரன் வைத்ததே மேல் என்று கம்பியை வெட்டிவிட்டேன். புது ஹோஸோடு 4,000-இல் சின்னதாக ஒரு தயக்கம், அப்புறம் 11.

மச்சானுக்கு அந்த உதை மறக்கவில்லை. சுவிட்ச் வைத்துத் தரச் சொல்கிறான், வேண்டும்போது இரண்டும் ஒன்றாக ஓடுகிற மாதிரி. சொலினாய்டுகளுக்குத் தனி எர்த் வயர் இழுத்தால் முடியும். ஆனால் வால்வுகளைத் திறந்து வைக்கிற காற்று அந்தப் பிரஷர் டேங்கிலிருந்துதான் வர வேண்டும். ராத்திரி முழுக்க அது காற்றைப் பிடிக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.