சொமாஸ்கா மலைப்படிகளில்

இத்தாலியின் வடக்கே, லெக்கோ நகருக்குச் சற்று முன்னால் வெர்குராகோ என்ற சிறிய ரயில் நிலையம் இருக்கிறது. பெயர்ப்பலகையிலேயே 'சான் ஜிரோலாமோ' என்று புனிதரின் பெயரும் சேர்ந்திருக்கிறது. ஒருபுறம் ஏரி, மறுபுறம் பாறை மலை. அந்த மலைச்சரிவில்தான் சொமாஸ்கா. அனாதைச் சிறுவர்களின் பாதுகாவலரான புனித ஜெரோம் எமிலியானி கடைசி ஆண்டுகளில் தங்கி உழைத்து, உயிர்விட்ட ஊர்.

மேடேறிப் போனால் முதலில் பேராலயம். புனிதரின் எலும்புகள் ஒரு பேழையில் வைக்கப்பட்டிருக்கின்றன. அனாதைகளின் அன்னையாக மாதாவை வணங்கும் சிற்றாலயமும் உள்ளேயே உண்டு. எங்கள் பங்குக் கோயிலின் சிறுவர் இல்லத்துப் பிள்ளைகள் தங்கள் பெயர்களை எழுதி ஒரு தாளைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பேழையின் முன் முழங்காலிட்டு ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஒரு பொடியன் தன் பெயருக்குக் கீழே கணக்குப் பரீட்சையையும் குறித்திருந்தான். அதையும் விடாமல் ஒப்புக்கொடுத்தேன்.

ஜெரோம் 1486-இல் வெனிஸின் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தையை இழந்தபோது அவருக்குப் பத்து வயது. வளர்ந்து போர்வீரரானார். 1511 ஆகஸ்டில், பியாவே ஆற்றங்கரையிலுள்ள குவேரோ கோட்டையைக் காத்து நின்றபோது பிரெஞ்சுப் படையிடம் பிடிபட்டார். கோட்டைச் சிறையில் விலங்கிட்டு வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 27-இல், மாதாவே தோன்றிச் சாவிகளைக் கொடுத்து எதிரிகளின் நடுவே அழைத்துப்போனதாக ட்ரெவிசோ மாதா ஆலயத்தில் அற்புதங்களைக் குறித்துவைக்கும் புதுமைப் பதிவேடு சொல்கிறது. விலங்குகளை அந்த ஆலயப் பீடத்திலேயே காணிக்கையாக வைத்தார்.

மறையுரைகளில் இந்தக் கட்டத்தைச் சொல்லும்போது, விலங்கு கழன்ற மறுநாளே அவர் புனிதராகிவிட்டார் என்றே தோன்றும். உண்மையில் அவர் அதே கோட்டைக்கு அதிகாரியாகத் திரும்பினார். பல ஆண்டுகள் நிர்வாகம் பார்த்தார். இறந்துபோன அண்ணனின் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்றார். எனக்கு இந்த மெதுவான ஜெரோமையே பிடித்திருக்கிறது. மனமாற்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் காலம் எடுத்துக்கொண்ட புனிதர் நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறார்.

1528-இல் பஞ்சமும் கொள்ளைநோயும் வெனிஸை வாட்டின. பெற்றோரை இழந்து தெருவில் கிடந்த பிள்ளைகளுக்காகக் கையிலிருந்ததைச் செலவழித்தார். அவரும் நோயில் விழுந்து பிழைத்தார். பிறகு அவர்களுக்கு வீடு அமைத்து, தொழில் கற்பிக்க ஆசான்களை அமர்த்தினார். படிப்பு, செபம், கைத்தொழில் மூன்றும் அங்கே உண்டு. பிச்சை எடுத்து வாழும் பழக்கம் மட்டும் கூடாது. 1531-இல் பிரபுக்களின் அங்கியைக் கழற்றிவிட்டு, குடும்ப வீட்டையும் விட்டு, பிள்ளைகளோடே குடியேறினார். தர்மம் செய்துவிட்டு மாளிகைக்குத் திரும்பும் பெரிய மனிதர்கள் அன்றும் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். இவர் திரும்பவில்லை.

பிறகு பெர்கமோ, கோமோ, கடைசியில் சொமாஸ்கா. பெர்கமோ பக்கத்தில் விவசாயிகளோடு அறுவடைக்கு இறங்கி, வேலைக்கு நடுவே ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். அவர் வளர்த்த அனாதைச் சிறுவர்களும் சிலுவையை ஏந்தி, பாடிக்கொண்டு கூடவே ஊர் ஊராக நடந்து, கிராமத்தாருக்கு மறைக்கல்வி கற்பித்தார்கள். இவ்வளவுக்கும் ஜெரோம் குருப்பட்டம் பெற்ற பாதிரியார் அல்லர். கடைசிவரை பொதுநிலையினராகவே இருந்தார். 'ஏழைகளின் ஊழியர்' என்று அவர் கூட்டிய சிறு குழுதான் பின்னாளில் சொமாஸ்கா துறவற சபையானது.

பேராலயத்திலிருந்து வலெத்தா என்ற இடத்துக்கு ஒரு பாதை போகிறது. வழியெங்கும் சிற்றாலயங்கள், அவற்றில் அவருடைய வாழ்க்கைக் காட்சிகள் சுரூபங்களாக நிற்கின்றன. அங்கே பாறையில் ஊறும் தண்ணீரைப் புனிதரின் செபத்தால் சுரந்தது என்று நம்பிப் பயணிகள் பருகுகிறார்கள். நானும் குடித்தேன், நல்ல குளிர்ச்சி. பிறகு 'புனிதப் படிகள்'. பக்தர்கள் முழங்காலால் ஏறும் செங்குத்தான கல்படிகள். என் முழங்கால்களுக்கு அந்தத் துணிவு இல்லை. படிக்கொரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி நடந்தே ஏறினேன். உச்சியில் அவர் தனித்துச் செபித்த பாறைக்குகை இருக்கிறது. நாளெல்லாம் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே இருந்தவருக்கு இப்படியோர் இடம் தேவைப்பட்டிருக்கும்.

ஊருக்குள் அவர் இறந்த அறையையும் காட்டுகிறார்கள். 1537 தொடக்கத்தில் பள்ளத்தாக்கில் கொள்ளைநோய் பரவ, நோயாளிகளைக் கவனித்த ஜெரோமையும் அது தொற்றிக்கொண்டது. இரவல் அறையில் படுத்து, பார்க்கும்படி சுவரில் சிவப்புச் சிலுவை ஒன்றை வரைந்தார். தம் சிறுவர்களின் பாதங்களைக் கழுவினார். பிப்ரவரி 8 அதிகாலையில் இறந்தார். 1767-இல் திருஅவை அவரைப் புனிதராக்கியது. 1928-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அனாதைகளுக்கும் கைவிடப்பட்ட இளையோருக்கும் உலகப் பாதுகாவலராக அறிவித்தார்.

திருநாள் அந்தப் பிப்ரவரி 8-தான். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் அது கடுங்குளிர்க் காலம். படியேறும் எண்ணமுள்ளவர்கள் கம்பளி உடுப்போடு, வழுக்காத காலணியும் அணிந்து போவது நல்லது.