புதிய கார், குறையும் ஆயில்: ஒரு நாட்குறிப்பு

9 ஜூன் 2024, கோவை

ஈரோட்டிலிருந்து திரும்பும்போது, பெருந்துறையைத் தாண்டியதும் ஆயில் அளவு குறைந்துவிட்டதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. கார் வாங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. ஓடியது 10,600 கி.மீ. ஓராண்டு சர்வீஸில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியபோது மீட்டர் 9,170 கி.மீ. காட்டியதாக ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் தரும் வேலைக் குறிப்புத் தாள்) இருக்கிறது. ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். அளவு கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கோடுகளுக்கும் இடையே சுமார் 1 லிட்டர் என்கிறது கையேடு. அப்படியானால் 1,430 கி.மீ.க்குள் ஏறத்தாழ ஒரு லிட்டர் எங்கோ போயிருக்கிறது.

மஞ்சள் விளக்காவது இந்த காரில் இருந்ததே என்று நினைத்துக்கொண்டேன். பல கார்களில் ஆயில் குடம் வடிவிலான சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு. அது அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுவது. அந்த விளக்கு எரியும்போது ஆயில் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கியிருக்கும். பேரிங்குகளும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அடித்தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். டிரெயின் போல்ட், ஃபில்டர், டைமிங் கவர், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலான மூட்டு எதிலும் ஈரம் இல்லை. கூலண்ட் அளவும் குறையவில்லை, அதில் ஆயில் படலமும் இல்லை. வெளியே கசியாத ஆயில் உள்ளேதான் எரிந்திருக்க வேண்டும். கையேடு சொல்லும் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) வகுத்த எஸ்பி தரத்து மெல்லிய 0டபிள்யூ-20 ஆயிலை வாங்கி ஊற்றினேன்; மேல்கோட்டை எட்ட 900 மி.லி. பிடித்தது.

12 ஜூன்

சர்வீஸ் சென்டரில் அட்வைசராக இருக்கும் இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். "டர்போ எஞ்சின் எல்லாமே கொஞ்சம் ஆயில் எடுக்கும் சார். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரைக்கும் நார்மல்னு கம்பெனியே சொல்லியிருக்கு" என்றார். கையேட்டில் அந்த வாக்கியம் இருப்பது உண்மைதான். அரை லிட்டர் என்றும் ஒரு லிட்டர் என்றும் பல தயாரிப்பாளர்களின் கையேடுகளில் இப்படியொரு வரம்பு அச்சாகியிருக்கிறது. அந்த வரம்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் அதன் பொருத்தமின்மை தெரியும்: ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் இடையிலான 10,000 கி.மீ.யில் 5 லிட்டர் எரியலாம் என்று ஆகிறது, ஆனால் இந்த எஞ்சினின் மொத்தக் கொள்ளளவே 4 லிட்டர்தான். எஞ்சின் எப்படி இயங்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அல்ல இது. எந்த எல்லைக்குமேல் நிறுவனம் தன் செலவில் பழுதுபார்க்கும் என்பதைச் சொல்லும் எண்.

என் கணக்கு அந்த வரம்பையும் மீறுகிறது என்று காட்டியபோது, போன சர்வீஸில் ஆயில் முழுமையாக நிரப்பப்படாமல் இருந்திருக்கலாம் என்று பதில் வந்தது. அவர்கள் நிரப்பிய ஆயில்தான் அது! இருந்தாலும் அந்த மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. தொடக்க அளவை நான் பார்க்கவில்லை. ஜாப் கார்டில் "ஆயில் அளவு பரிசோதிக்கப்பட்டது" என்று எழுத இருந்ததை, "வாடிக்கையாளரின் புகார்: ஆயில் அதிகமாகக் குறைகிறது" என்று மாற்றி எழுத வைத்து, மீட்டர் அளவையும் சேர்க்கச் சொல்லி வாங்கி வந்தேன். வாரண்டி தகராறில் இந்த ஒரு தாளுக்கு இருக்கும் மதிப்பு வாய்ப்பேச்சு எதற்கும் இல்லை.

16 ஜூன்

அளப்பது எளிது என்று தோன்றும். உண்மையில் அப்படி இல்லை. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும், அணைத்தபின் பத்து நிமிடமாவது காத்திருந்து எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டில் தங்கிய ஆயில் கீழே வடிய விட வேண்டும். எங்கள் தெரு வாசலை நோக்கிச் சரிந்திருப்பதால், வண்டியை ஒரு பக்கம் திருப்பி நிறுத்தி அளந்தால் ஒன்றும், மறுபக்கம் நிறுத்தி அளந்தால் வேறொன்றும் வருகிறது. ஆகவே பக்கத்து அடுக்ககத்தின் அடித்தளத்தில், அந்தக் காவலாளியிடம் சொல்லிவிட்டு, ஒரே தூணருகே நிறுத்தி அளக்க ஏற்பாடு செய்துகொண்டேன். ஊற்றும் ஆயிலைச் சமையலறை அளவைக் கோப்பையில் அளந்துதான் ஊற்றுவது. (அந்தக் கோப்பை இனிச் சமையலறைக்குள் நுழைய முடியாது என்பது வீட்டில் எடுக்கப்பட்ட முடிவு.)

7 ஜூலை

ஒரு விசித்திரம். காந்திபுரத்துக்கும் பீளமேட்டுக்குமாக நகருக்குள்ளேயே 420 கி.மீ. ஓடியதில் ஆயில் அளவு மிகக் கொஞ்சமே குறைந்திருந்தது. அதைப் பார்த்து மனம் சற்று ஆறுதல் அடைந்தது. அதன்பின் சேலம் வழியாகச் சென்னைக்குப் போய்வந்த ஆயிரத்துச் சொச்சம் கி.மீ.யில் ஏறக்குறைய 800 மி.லி. காணாமல் போயிருக்கிறது.

நெடுஞ்சாலையில்தான் எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம். அது பாதிதான் சரி. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும் இந்த வகை எஞ்சின்களில், குளிர்ந்த நிலையில் அடிக்கடி ஸ்டார்ட் செய்து குறுகிய தூரம் ஓட்டும்போது, எரியாத பெட்ரோலின் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைக் கடந்து ஆயிலோடு சேர்கிறது. கறந்த பாலில் தண்ணீர் சேர்த்து அளவைச் சரிக்கட்டுவது போல, எரிந்துபோன ஆயிலின் இடத்தைப் பெட்ரோல் நிரப்பிவிடுவதால் ஸ்டிக்கில் மட்டம் இறங்குவதில்லை. நீண்ட தூரம் ஓடி ஆயில் நன்கு சூடேறியதும் அந்தப் பெட்ரோல் ஆவியாகிவிட, மறைந்திருந்த இழப்பு ஒரே பயணத்தில் வெளிப்படுகிறது. ஆக, நகர ஓட்டத்தை மட்டும் வைத்தோ நெடுஞ்சாலையை மட்டும் வைத்தோ முடிவு கட்டக்கூடாது. இரண்டையும் சேர்த்தால் 1,000 கி.மீ.க்கு 600 மி.லி.க்குச் சற்று மேலே வருகிறது.

14 ஜூலை

சிங்காநல்லூரில் முப்பது ஆண்டுகளாக எஞ்சின் வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். பிரிக்கக் கூடாது, வாரண்டி போய்விடும் என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து சைலன்ஸரைக் கவனித்தார். இரவெல்லாம் வால்வு சீல் வழியாக ஆயில் இறங்கியிருந்தால் முதல் சில விநாடிகள் நீலப் புகை தள்ளும், தள்ளவில்லை. டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயில் விரலை விட்டுப் பார்த்தார். லேசான பிசுக்கு மட்டுமே, தேங்கிய ஆயில் இல்லை. "ரிங்குலதானுங்க சந்தேகம். ஆயில் ரிங் ஒட்டியிருக்கும்" என்றார்.

புகையே இல்லையே என்று கேட்டேன். இப்போதைய வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட் சிறிதளவு ஆயில் புகையை எரித்துவிடுவதால், அரை லிட்டர் போனாலும் கண்ணுக்குத் தெரியாது என்றார். அது எனக்கு நிம்மதியைத் தரவில்லை, ஏனெனில் ஆயிலில் தேய்மானத் தடுப்புக்காகச் சேர்க்கப்படும் பாஸ்பரஸ், எரிந்தபின் அந்தக் கேட்டலிஸ்டின் மேலேயே படிந்து அதை மெல்ல மெல்லச் செயலிழக்க வைக்கும்.

திக்கான ஆயில் ஊற்றிப் பார்க்கலாம் என்ற அவருடைய யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. வாரண்டி ஒரு காரணம். மற்றொன்று, இத்தகைய சிறிய டர்போ எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் அழுத்தி ஓட்டும்போது, எரியறைக்குள் வரும் ஆயில் துளிகளால் பிளக் பொறிவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. பிஸ்டனை உடைக்கக்கூடிய அந்த நிகழ்வுக்கு எதிரான சோதனை 2020இல் வந்த எஸ்பி தரத்தில் அடக்கம். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு திக்கான 20டபிள்யூ-40 ஆயில் அந்தச் சோதனையைத் தாண்டியதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

22 ஜூலை

இந்த ரிங் விவகாரம் புதியதல்ல என்பதைப் படித்தறிந்தேன். பிஸ்டனில் மேலே இரண்டு ரிங்குகள் அழுத்தத்தைத் தாங்க. மூன்றாவதாக இருக்கும் ஆயில் ரிங், சிலிண்டர் சுவரில் படியும் ஆயிலை வழித்து, அதன் பின்னாலுள்ள சிறு துளைகள் வழியாகக் கீழே அனுப்புகிறது. மைலேஜுக்காக உராய்வைக் குறைக்க விரும்பும் தயாரிப்பாளர்கள் இந்த ரிங்கின் இறுக்கத்தைக் குறைத்தார்கள். இறுக்கம் குறைந்த ரிங்கும் சின்னத் துளைகளும் சேர்ந்தால், கரி படிந்து துளை அடைபட்டதும் வழித்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. மேலே ஏறி எரிகிறது. எரிந்த ஆயில் மேலும் கரியாகிறது.

டொயோட்டாவின் 2ஏஇசட்-எஃப்இ எஞ்சினில் இதே கோளாறு வந்தபோது, அமெரிக்காவில் 1,200 மைலுக்கு ஒரு குவார்ட், அதாவது ஏறத்தாழ 1,930 கி.மீ.க்கு 0.95 லிட்டர், என்ற அளவைத் தாண்டிய கார்களுக்கு பிஸ்டனையும் ரிங்கையும் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். சுபாரு அங்கே நடந்த கூட்டு வழக்கில் 2016இல் சமரசத்துக்கு வந்து, குறிப்பிட்ட மாடல்களின் எஞ்சின் வாரண்டியை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வரை நீட்டித்தது. இரண்டிலும் உரிமையாளர்களின் புகாரைத் தீர்மானித்தது ஒரே வகையான சோதனைதான்: ஆயிலை நிரப்பி, குறிப்பிட்ட தூரம் ஓட்டி, மறுபடி அளப்பது. அதையே முறைப்படி செய்து தரும்படி சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

10 ஆகஸ்ட்

ஒர்க்ஸ் மேனேஜர் ஒப்புக்கொண்டார். என் முன்னிலையிலேயே ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றாமல், 3.40 கிலோ புதிய ஆயிலை எடைபோட்டு ஊற்றினார்கள். டிரெயின் போல்ட், ஃபில்டர், நிரப்பும் மூடி, ஆயில் ஸ்டிக் நான்கிலும் மஞ்சள் பெயின்ட் கோடு போட்டு சீல் வைத்தார்கள். எடைபோட வேண்டும் என்பது என் வேண்டுகோள்; சூட்டில் ஆயில் விரிவதால் லிட்டர் கணக்கு மாறும், கிலோ மாறாது. எவ்வளவு நேரம் சொட்ட விட்டார்கள் என்பதையும் ஜாப் கார்டில் குறிக்க வைத்தேன். திரும்ப வடிக்கும்போது அதே நேரம் விட வேண்டும்.

31 ஆகஸ்ட்

1,000 கி.மீ. முடிந்து சீலை உடைத்து வடித்ததில் கிடைத்தது 2.86 கிலோ. குறைந்தது 540 கிராம். ஆயிலின் அடர்த்தி லிட்டருக்கு சுமார் 0.85 கிலோ என்பதால் 635 மி.லி. அவர்களுடைய வரம்பே 500. இதற்குப்பின் நார்மல் என்ற பேச்சு எழவில்லை.

ஆனாலும் எஞ்சினைப் பிரிக்க நிறுவனத்தின் ஒப்புதல் தேவையாம். அதற்கு முன் எளிதான பாகங்களை ஒதுக்கிக்காட்ட வேண்டுமாம். எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் ஆவியை உள்ளிழுப்புக் குழாய்க்குத் திருப்பும் பிசிவி வால்வின் சவ்வு கிழிந்திருந்தால் ஆயிலும் சேர்ந்து உறிஞ்சப்படும் என்பதால் அதை மாற்றிவிட்டு மீண்டும் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். வரிசை சரியானதுதான், மலிவானதை முதலில் விலக்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காலக்கெடு எதுவும் சொல்லாததால், இன்றே ஒரு கடிதம் எழுதினேன். சோதனை முடிவையும் ஜாப் கார்டுகளின் நகல்களையும் இணைத்து, முப்பது நாட்களுக்குள் பழுது நீக்கப்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன் என்று குறிப்பிட்டேன். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். குறையைக் கண்டறிய ஆணையம் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பலாம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்து வைத்தேன்.

20 செப்டம்பர்

புதிய பிசிவி வால்வால் எந்த மாற்றமும் இல்லை. பிளக்குகளைக் கழற்றிச் சிறு கேமராவை உள்ளே விட்டார்கள். முதலிரண்டு சிலிண்டர்களில் பிஸ்டன் தலை முழுக்க வறண்ட கரி. மூன்றாவதில் விளிம்பு வட்டமாகக் கழுவப்பட்டு உலோகம் பளபளத்தது, ஆயில் அங்கேதான் ஏறிவருகிறது. விந்தை என்னவென்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) மூன்றிலும் ஒன்றாகவே இருந்தது. அதைக் காட்டி எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று ஒரு டெக்னீஷியன் சொன்னார். கம்ப்ரஷனைத் தாங்குவது மேலிரண்டு ரிங்குகள். ஆயில் ரிங் ஒட்டிக்கிடந்தாலும் அந்த எண் குறையாது என்று ஒர்க்ஸ் மேனேஜரே அவருக்கு விளக்கினார். அந்த மனிதர் மேல் எனக்கு மதிப்பு கூடியது.

ஒப்புதல் வந்துவிட்டது. சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கையே மாற்றலாமா, பிஸ்டனும் ரிங்கும் மட்டும் போதுமா என்று கேட்டார்கள். சுவரில் கீறல் இல்லை, ஆயில் தங்குவதற்காகச் சுவரில் தீட்டப்படும் ஹோனிங் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன என்று படம் காட்டியதால் இரண்டாவதையே தேர்ந்தேன். பிளாக் மாறினால் எஞ்சின் எண் மாறும். ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியிலும், பிறகு இன்சூரன்ஸிலும் மாற்றியாக வேண்டும்.

4 அக்டோபர்

பிரித்த பாகங்களைப் பார்க்க அழைத்திருந்தார்கள். மூன்றாவது பிஸ்டனின் ஆயில் ரிங் பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டு, விரலால் நகர்த்த முடியாமல் இருந்தது. பின்னாலுள்ள துளைகளில் பாதிக்கு மேல் கரி அடைத்திருந்தது. மூன்று பிஸ்டன்களும் ரிங் செட்டும் மாற்றப்படுகின்றன. கேட்டலிஸ்டையும் மாற்றும்படி கேட்டேன். சென்சார் அளவீடுகள் சரியாக இருப்பதாகச் சொல்லி மறுத்தார்கள். மாறாக, வாரண்டிக் காலத்துக்குள் அதில் கோளாறு வந்தால் இந்தப் பழுதோடு தொடர்புபடுத்திப் பார்க்கப்படும் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார்கள். முழுமையான பதில் அல்ல. இருந்தாலும் எழுத்தில் இருக்கிறது.

17 நவம்பர்

புதிய ரிங்குகள் பதியும்வரை வேகத்தை அடிக்கடி மாற்றி, மிதமான சுமையோடு ஓட்டினேன். பொத்திப் பொத்தி மெதுவாகவே ஓட்டினால் ரிங் சுவரோடு பொருந்தாது. முதல் 1,000 கி.மீ.யில் ஆயிலை மாற்றிய பிறகு, பழனி, திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் போய்வந்ததையும் நகர ஓட்டத்தையும் சேர்த்து 1,300 கி.மீ. ஆகிறது. அதே தூணருகே அளந்ததில், மேல்கோட்டிலிருந்து ஒரு நூல் அளவு இறங்கியிருக்கிறது, 100 மி.லி.க்குள் இருக்கும். அடுத்த அளவீடு இன்னும் கொஞ்சம் ஓடிய பிறகு.